கோடை வெக்கை: புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை



"யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்ட எங்களை இந்தச் சுவிஸ் வெயில் என்ன செய்யப்போகுது?" என்று புதிதாக வருகிற பலர் சொல்லுவார்கள். பனிக்காலத்துக்கு உடுப்பு வாங்க எல்லாரும் யோசிக்கிறார்கள். வெக்கையைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு.

ஆனால் இந்த நாட்டில் பதிவான ஆகக்கூடிய வெப்பம் எங்கட கிரவுபுண்டன் மாநிலத்தில்தான் பதிவானது. 2003 ஓகஸ்ட் 11ஆம் திகதி, மாநிலத்தின் தெற்கே உள்ள குறோனோ என்ற ஊரில் 41.5 பாகை செல்சியஸ் அடித்தது. அந்தக் கோடையில் சுவிசில் வழமையைவிட ஏறத்தாழ 975 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர். பெரும்பாலானவர்கள் வயதானவர்கள், பலர் தனியே இருந்தவர்கள்.

ஊரில் எங்களைக் காத்தது எது?

உடம்பு வெக்கைக்குப் பழகும், உண்மை. அதற்கு ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். ஆனால் குளிரான இடத்தில் சில கிழமை இருந்தாலே அந்தப் பழக்கம் போய்விடும். இங்கே ஒரு பனிக்காலத்தைக் கழித்த ஒருவர் "எனக்கு வெயில் பழக்கம்" என்று சொல்ல முடியாது.

அதோடு ஊரில் உடம்பு மட்டும் எங்களைக் காக்கவில்லை. விறாந்தை, முற்றத்து வேம்பு, கிணற்றடிக் குளிப்பு எல்லாம் சேர்ந்துதான் காத்தன. நான் படிப்பித்த காலத்தில் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிந்துவிடும். கமக்காரர்கள் விடியப்புறமே தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, உச்சி வெயிலுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இங்கே அந்த ஒழுங்குகள் இல்லை. அவற்றை நாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே என்ன வித்தியாசம்?

1. பகல் நீளம். யூன் மாதத்தில் கூரில் பகல் 16 மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்கும். கோடையில் இங்கத்தைய மணிக்கூட்டுக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 1.30 மட்டில். பின்னேரம் 5 மணிக்கும் சூடு குறையாது. "நாலு மணி ஆச்சுத்தானே" என்று பிள்ளைகளை வெயிலுக்குள் விளையாட விடாதீர்கள்.

2. வீடு. இங்கத்தைய கட்டடங்கள் பனிக்காலத்தில் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. கோடையில் உள்ளே புகுந்த சூடும் இலேசில் வெளியே போகாது. கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடி அறைகள்தான் ஆக மோசம்.

3. காற்று. ஊரில் வியர்வை வழிந்து ஓடும். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தெரியும். இங்கே காற்று உலர்ந்தது. அல்ப்ஸ் மலையைத் தாண்டித் தெற்கிலிருந்து இறங்கும் 'பேன்' காற்று வீசினால் இன்னும் உலர்ந்துவிடும். வியர்வை உடனே காய்ந்துபோவதால் உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது.

4. உயரம். கூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 590 மீற்றர் உயரம். டாவோஸ் 1,560 மீற்றர். மேலே உள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு இரவு குளிர்மையாக இருக்கும். ஆனால் உயரம் கூடக் கூட வெயிலின் புறஊதாக் கதிரும் கூடும். காற்றுக் குளிராக இருந்தாலும் தோல் எரியும். தொப்பி போடுங்கள், முழுக்கைச் சட்டை நல்லது.

அறையைக் குளிர்மையாக வைத்திருப்பது

ஊரில் பகலில் யன்னலைத் திறந்து விடுவோம். இங்கே மாறிச் செய்ய வேண்டும். வெளியே உள்ள காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் நேரம் முழுவதும் யன்னலைப் பூட்டி வையுங்கள். யன்னலுக்கு வெளிப்பக்கம் இறங்கும் தட்டியை, இங்கே 'ஸ்ரோறன்' என்பார்கள், காலையிலேயே இறக்கி விடுங்கள். இரவிலும் விடியப்புறமும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். மத்தியானத்தில் நீண்ட நேரம் சமைக்காமல் காலையிலேயே சமைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மேல்மாடி அறையில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவரோ இருந்தால், கீழ் அறை தரும்படி முகாம் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

தண்ணீரும் சாப்பாடும்

சுவிசில் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. போத்தல் தண்ணீருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தெருவில் ஓடும் நீரூற்றிலும் குடிக்கலாம். 'கைன் ட்றிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது. தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மோர், கஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர் நல்லவை. பியர் தாகத்தைத் தீர்க்காது.

ஆடி மாதத்தில் விரதம் பிடிப்பவர்கள் தண்ணீரை விடாதீர்கள். சலரோகம், பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம், எவ்வளவு உப்புச் சேர்க்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளைப் பூட்டிய காருக்குள் ஒரு நிமிடமும் விட்டுப் போகாதீர்கள். தள்ளுவண்டிலைத் துணியால் மூடினால் உள்ளே சூடு ஏறும்.

றைன் ஆற்றில் இறங்காதீர்கள்

நடுக்கோடையிலும் இது மலையில் பனி உருகி வரும் குளிர்த் தண்ணீர், இழுவையும் கூட. சூடான உடம்போடு பாய்ந்தால் மூச்சுத் திணறும். மேலே உள்ள மின்சார நிலையங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டால், மழையில்லாத நாளிலும் நீர்மட்டம் திடீரென ஏறும். கரையில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. பிள்ளைகளோடு குளிக்க நகரத்து நீச்சல் தடாகத்துக்குப் போங்கள். அங்கே காவலர் இருப்பார்.

வேலைக்குப் போகிறவர்கள்

தொழிலாளரின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்று சுவிஸ் தொழிற்சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. கட்டடத்திலோ தோட்டத்திலோ வேலை செய்தால் நிழலில் ஓய்வும் தண்ணீரும் கேளுங்கள். முதல் சில நாட்கள் உடம்பு பழகும்வரை அதிகம் கவனம்.

எப்போது 144?

தலைச்சுற்று, தலையிடி, சத்தி, தசைப்பிடிப்பு, கடும் வியர்வை வந்தால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். சற்று நேரத்தில் தேறாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

ஆள் தடுமாறிப் பேசினால், வலிப்பு வந்தால், மயங்கினால் உடனே 144க்கு அடியுங்கள். அது உயிருக்கு ஆபத்து. 'ஹிற்ஷ்லாக்' என்று சொல்லி, முகாமின் விலாசத்தைச் சொன்னாலே போதும். விலாசத்தை டொச்சில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

காசை நினைத்தோ, கேஸ் பாதிக்கும் என்று பயந்தோ பிந்தாதீர்கள். தஞ்சம் கோரியவர்களுக்கும் 'கிராங்கன்காசே' என்னும் நோய்க் காப்புறுதி உண்டு. நோயாளியின் இரகசியத்தைக் காக்க வைத்தியர்கள் சட்டப்படி கடமைப்பட்டவர்கள்.

எச்சரிக்கை எண்கள்

மெட்டியோசுவிஸ் என்னும் அரச வானிலை நிலையம் வெக்கை எச்சரிக்கை விடும். இரவு பகல் சேர்த்த சராசரி வெப்பம் மூன்று நாளாவது 25 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால் 3ஆம் படி. 27 பாகையானால் 4ஆம் படி. இரவையும் சேர்த்துக் கணக்கிடுவதற்குக் காரணம், இரவில் ஆறாத உடம்பு அடுத்த நாள் வெக்கையைத் தாங்காது என்பதுதான்.

அப்படியான நாட்களில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் முகாமிலோ பக்கத்து வீட்டிலோ தனியே இருக்கிற ஒருவரின் கதவைக் காலையிலும் பின்னேரமும் தட்டிப் பாருங்கள். "தண்ணி குடிச்சனீங்களோ அம்மா?" என்று கேட்டால் போதும். ஊரில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டதுதானே. 2003இல் இறந்த பலருக்கு அப்படிக் கேட்க ஆள் இருக்கவில்லை.

வாசிக்கக் கஷ்டப்படுகிற ஆக்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் எங்கள் ஆலோசனை நேரத்தில் வாருங்கள்.