திசை மாறிய உண்டியல்

கம்பம் பள்ளத்தாக்கின் புராட்டஸ்டண்ட் சபைகள் அமெரிக்கர்கள் வைத்தவை என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிக் கதை. 1834-ல் மதுரையில் மிஷன் தொடங்க வந்த அமெரிக்க மிஷனரிகள் ஹொய்சிங்டனும் டாடும் பாஸ்டனிலிருந்து நேராக வரவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்தார்கள். அங்கே 1816 முதல் அமெரிக்க மிஷன் நடந்துகொண்டிருந்தது. அந்த மிஷன் பள்ளிகளில் படித்த யாழ்ப்பாணத் தமிழர் சிலரும் கூடவே வந்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தவும் தெருவில் நின்று பேசவும் அவர்கள்தான் கை. ஆக, அக்கரைச் சபையின் ஊழியத்துக்குத் தோள்கொடுக்கக் கடல் கடந்த முதல் தொண்டர்களில் தமிழர்களும் உண்டு. மிஷன் வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வரிதான்.

மிஷன் மதுரையிலிருந்து மேற்கே நகர்ந்து பெரியகுளத்தில் ஒரு நிலையம் வைத்தது. அன்றைக்குத் தேனி பேர் சொல்லும் ஊர் இல்லை. 1860களில் பெரியகுளத்தில் இருந்தவர்கள் ஜோசப் நாயிஸ் ஐயரும் அவர் மனைவியும். கம்பம் வரைக்கும் உள்ள கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலும் குதிரையிலும் போய், கூடாரம் அடித்துத் தங்குவதுதான் அக்கால ஊழியம். வந்தவர்கள் திரும்பிப் போகும் தேதியோடு வரவில்லை. முதலில் தமிழ் படித்தார்கள், பிறகு பேசினார்கள். பலர் இங்கேயே பிள்ளைகளைப் பெற்றார்கள், பிள்ளைகளைப் புதைத்தார்கள்.

காலராவும் காய்ச்சலும் துரத்தியபோது சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் பெரியகுளத்துப் பக்கமிருந்து கொடைக்கானல் ஏறினார்கள். 1845-ல் அங்கே எழுந்த முதல் இரண்டு பங்களாக்கள், சன்னிசைடும் ஷெல்டனும், இந்த மிஷனுடையவைதான். ஏறினார்கள் என்று எழுதிவிட்டேன். பலர் ஏறவில்லை, ஏற்றப்பட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்த துரைசானியையும் தகரப் பெட்டிகளையும் தோளில் சுமந்துபோனவர்கள் அடிவாரத்துக் கூலிக்காரர்கள். மிஷன் தொண்டு என்றால் யார் யாருக்குச் செய்தது என்று கேட்கத் தோன்றும் இடம் அந்த மலைப்பாதை.

ஆனால் அவர்களை அதிலேயே வைத்து எடை போட்டுவிட முடியாது. 1847-ல் சபையில் சாதி கூடாது, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும், அதைச் சமைத்தது எந்தக் கை என்று கேட்கக் கூடாது என்று மிஷன் கண்டிப்புக் காட்டியது. உபதேசியார்களிலேயே பலர் விலகிப் போனார்கள். இன்றைக்கு எந்தச் சபை நிர்வாகமாவது பாதி உறுப்பினர் போனாலும் போகட்டும் என்று அப்படி நிற்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இந்த வேலைக்கெல்லாம் பணம் கொடுத்தவர்கள் கம்பத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள். 1868-ல் பாஸ்டனில் சபைப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மிஷன் சங்கம் கூட்டினார்கள், மறு ஆண்டே பத்திரிகையும் நடத்தினார்கள். வீட்டில் வைத்த காசுப் பெட்டியில் விழுந்த சில்லறை, கப்பல் ஏறி, மதுரைப் பக்கத்தில் வீடு வீடாகப் போய்ப் படிக்கச் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்களின் சம்பளமானது. அங்கே தும்மினால் இங்கே சளி பிடிக்கும். 1837-ல் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிகளைக் கலைக்க வேண்டி வந்தது.

இதை முதலில் சரியாகப் பார்த்தவர் அந்த மிஷனின் தலைமைச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன். 1855-ல் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் நேரில் வந்தார். உள்ளூர்ச் சபை தன் போதகருக்குத் தானே சம்பளம் கொடுக்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்பது அவர் கட்சி. ஆங்கிலப் பள்ளிகளுக்குச் செலவழிப்பதையும் குறைக்கச் சொன்னார். அதில் நம்மவர்களுக்கே அவர்மேல் கோபம் உண்டு. கேட்டவர்கள் தலையாட்டினார்கள், டாலர் வந்துகொண்டேயிருந்தது.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லலாம். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அமெரிக்க மிஷன் சபைகள் மதுரை – இராமநாதபுரம் திருமண்டலத்துக்குள் வந்தன. முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், இங்கிலாந்துக்காரர், தமிழில் பிரசங்கம் செய்தவர், 1959 வரை இருந்தார். அவருக்குப் பின் பேராயர்கள் இந்தியர்கள்.

இன்றைக்கு அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ஒரு தோழமைச் சபையின் குழு வந்தால், காலையில் மதுரை விமான நிலையத்தில் இறங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேனியில் இருக்கிறது. நான்கு மாதக் கப்பல் பயணம் ஒரு நாளாகச் சுருங்கியதில், தங்கும் காலமும் சுருங்கிவிட்டது. இரண்டு வாரம், ஒரு மாணவர் விடுதிக்கு வெள்ளையடிப்பு, பிள்ளைகளோடு பாட்டு, பொன்னாடை, கொடைக்கானலில் ஒரு நாள். நல்ல மனிதர்கள். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறார்கள். நாற்காலியில் தூக்கச் சொல்வதில்லை. ஆனால் "ஸ்தோத்திரம்" தவிரத் தமிழில் ஒரு சொல் தெரியாமல் திரும்பிப் போகிறார்கள். பழையவர்கள் அதிகாரம் பண்ணினாலும் மொழி படித்தார்கள், இவர்கள் அன்பு காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எது மேல் என்று கேட்டால், சபைக் கணக்குப் பார்க்கும் மூப்பர் ஒரு பதிலும் பிள்ளைகள் ஒரு பதிலும் சொல்வார்கள்.

சட்டமும் மாறிவிட்டது. சுற்றுலா விசாவில் வந்தவர் பிரசங்க ஊழியம் செய்யக் கூடாது. நம் ஊரில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கூட, ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுப் பணத்துக்கு 1976-லேயே சட்டம் வந்து, 2010-ல் புதிதாக எழுதப்பட்டு, 2020-ல் இறுகியது. பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் முதலில் வரலாம். வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனம் கைமாற்றிக் கொடுத்ததில் சமாளித்த சின்ன விடுதிகளுக்கு இது பெரிய அடி, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: ஆண்டர்சன் வந்து சொல்லியும் நடக்காததை, அவர் பேரே கேள்விப்படாத டெல்லி அதிகாரிகள் நடத்திவைத்தார்கள். சொந்தக் காலில் நில் என்று அவர் சொன்னது வளர்வதற்கு, இவர்கள் சொல்வது அடங்குவதற்கு. அந்த வித்தியாசம் சின்னதில்லை.

இதற்கு நடுவே உண்டியல் சத்தமில்லாமல் திசை மாறிவிட்டது. வேறொரு நாட்டாரின் காசில் வளர்ந்தவர்கள் இப்போது அனுப்புகிறவர்கள். வழிகாட்டி திருநெல்வேலிதான்: 1903-ல் தமிழ் ஊழியர் அசரியாவும் நண்பர்களும் அங்கே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தமிழ்ச் சபைகளின் காசில் ஆள் அனுப்பினார்கள். 1950களின் கடைசியில் இளைஞர் ஜெபக் கூட்டமாக முளைத்த ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்டுக்கு இன்று ஊருக்கு ஊர் ஜெபக்குழு உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது தமிழ்ச் சபைப் பெண்களின் வழக்கம். அறுப்பின் பண்டிகையில் பள்ளத்தாக்கு விளைச்சல் ஆலயத்துக்கு வரும்: வாழைத்தார், தேங்காய், ஏலக்காய், பன்னீர் திராட்சை. அந்தத் திராட்சையையே 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். மச்சானும் மாப்பிள்ளையும் விட்டுக்கொடுக்காமல் கேட்டுக் கேட்டு, ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். அப்படிச் சேர்ந்த காணிக்கையில்தான் குஜராத் மலைக் கிராமத்திலோ ஜார்கண்டிலோ ஒரு குடும்பம் ஊழியம் செய்கிறது. பாஸ்டன் பெண்களின் காசுப் பெட்டியும் நம் அக்காமார்களின் அரிசி டப்பாவும் செய்தது ஒரே வேலை.

அப்படியானால் வெளிநாட்டுத் தோழமை எதற்கு? 1910-ல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மேடையேறி, மேல்நாட்டு மிஷனரிகள் உடைமையையும் உயிரையும் கொடுத்தார்கள், நட்பைக் கொடுக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அது இன்னும் வசூலாகாத கடன். வசூலிக்க இதைவிட நல்ல காலம் வராது, ஏனென்றால் இப்போது தேவை அந்தப் பக்கமும் இருக்கிறது. நியூபிகின் 1974-ல் இந்தியாவை விட்டுப் போய், பின்னாளில் பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பேட்டையில் ஒரு சின்னச் சபையைக் கவனித்தார். இந்தியாவைவிட அதுதான் கடினமான மிஷன் களம் என்று அவருக்குப் பட்டது. நியூ இங்கிலாந்தில் ஆள் குறைந்து ஆலயங்கள் விலைக்குப் போகின்றன.

அடுத்த முறை குழு வரும்போது பொன்னாடையைக் குறையுங்கள். விடுதியில் விடாமல் வீட்டில் தங்க வையுங்கள். நம் தேவைப் பட்டியலை நீட்டுவதற்கு முன், அவர்கள் சபையில் என்ன கஷ்டம் என்று ஆயர் வாய்விட்டுக் கேட்கட்டும். மிஷன் ஞாயிறு ஜெபக் குறிப்பில் குஜராத்துக்குக் கீழே மாசசூசெட்ஸையும் எழுதிக்கொள்ளுங்கள்.