கம்பிச் சடக்கு போடப் போனவர்

நம்மில் எத்தனை பேருக்கு நம் தாத்தாவின் அப்பா பெயர் தெரியும்? சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழக மாணவர் சந்திப்பு ஒன்றில் இக்கேள்வியைக் கேட்டேன். ஏறத்தாழ முப்பது பேரில் நான்கு கைகள் உயர்ந்தன. அந்த நால்வரில் இருவர் அடையாள அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபது வயது வரை எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம்கூட ஒரு சொல்லால்தான் வந்தது. அந்தக் கதையையும், அதன் வழியே நான் கற்ற சில வழிமுறைகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர்களுக்குப் படையல் உண்டு. பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, ஒவ்வோர் இலையாகப் போட்டு, இது உன் தாத்தாவுக்கு, இது என் அப்பாவுக்கு என்று சொல்லிக்கொண்டே வருவார். புதுத் துணிகளும் பக்கத்தில் இருக்கும். படையல் முடிந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த ஒரு பழைய சட்டையை எடுத்து உதறி, மறுபடி மடித்து உள்ளே வைப்பார். அது அவருடைய அண்ணனின் சட்டை. அண்ணனுக்கு இலை கிடையாது. ஏன் என்று கேட்டால், "அண்ணன் கம்பிச் சடக்கு போடப் போனாரு. இன்னும் வரல," என்பார். அவ்வளவுதான்.

கம்பிச் சடக்கு என்றால் ரயில் பாதை. இன்றைய மாணவர்களில் பலருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். தோட்டத்து மக்கள் சாலையைச் சடக்கு என்றனர்; கம்பி போட்ட சடக்கு கம்பிச் சடக்கு ஆயிற்று. எங்கள் ஊருக்கு அருகே ஓடும் தண்டவாளத்தைப் போடத்தான் அவர் போனார் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். அப்படியானால் ஏன் திரும்பி வரவில்லை என்று யோசிக்கும் அறிவு அப்போது இல்லை.

2006ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கும் அடுக்கில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் கைக்குக் கிடைத்தது. நின்றுகொண்டே சில பக்கங்கள் புரட்டினேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. பாட்டியின் கம்பிச் சடக்கு எங்கே இருந்தது என்பது அன்றுதான் புரிந்தது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் இருந்த தன் படைகளுக்குத் தரைவழியே பொருள் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். 1942ஆம் ஆண்டு நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. மலை, காடு, மழை, காலரா. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை அதைப்போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். எத்தனை பேர் இறந்தனர் என்பதில் ஜப்பானியக் கணக்கும் பிரிட்டிஷ் கணக்கும் ஆய்வாளர் மதிப்பீடும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஏன் ஒத்துப்போவதில்லை என்பதுதான் பின்னால் என்னை மிகவும் வாட்டிய கேள்வி.

நூல்களைப் படித்த சூட்டோடு பாட்டியிடம் ஓடினேன். இங்கே நான் செய்த முதல் தவற்றைச் சொல்ல வேண்டும். "எந்த ஆண்டு? எந்த மாதம்?" என்று விசாரணை அதிகாரிபோல் கேட்டேன். பாட்டிக்கு ஆண்டு தெரியாது. "ஜப்பான்காரன் காலம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு நாள், அவர் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது, அப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று சும்மா கேட்டேன். கதை தானாக வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று சொன்னார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல். பதினெட்டு வயது அண்ணன் அவருக்குப் பதிலாக லாரியில் ஏறினார். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று கிராணி படித்துக் காட்டினாராம். இருந்தது இரண்டு சட்டைகள். ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்கு முன்பா பின்பா, பக்கத்து வீட்டில் யார் பிறந்திருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, 1943ஆம் ஆண்டின் முற்பகுதி என்று கணக்கிட்டோம். முதியவர்களிடம் தேதி கேட்காதீர்கள். சமையலையும் மழையையும் பிரசவத்தையும் கேளுங்கள்.

பெட்டியில் சட்டையோடு ஒரு நோட்டும் இருந்தது. வாழைத் தார் படம் போட்ட பத்து வெள்ளி. நம் மக்கள் வாழைமர நோட்டு என்று அழைத்த ஜப்பானியப் பணம். அண்ணனுக்குக் கொடுத்த முன்பணம் அது என்றார் பாட்டி. அதில் அச்சிட்ட எழுத்துகளை வைத்துத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு வாரம் அலைந்தேன். தொடக்கத்தில் அச்சிட்ட நோட்டுகளுக்கு வரிசை எண் உண்டு. பிற்பாடு எண்ணே இல்லாமல் இரண்டு எழுத்துகளை மட்டும் போட்டு அச்சிட்டுத் தள்ளினார்கள். முதல் எழுத்தான எம், மலாயாவைக் குறிப்பது. எங்கள் நோட்டு எண் இல்லாத வகை. அதற்கு மேல் அது பேசவில்லை. ஜப்பான் தோற்று 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்தப் பணம் செல்லாமல் போனது. ஓர் ஆளின் விலை!

பாட்டி சொன்னதை அன்று கணினியில் தட்டச்சு செய்து வைத்தேன். அக்காலத்தில் நம்மில் பலர் தஸ்கி போன்ற எட்டு பிட் குறியீட்டில்தான் எழுதினோம். ஆறு ஆண்டுகள் கழித்துப் புதிய மடிக்கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழே இல்லை; பிரெஞ்சு எழுத்துகளும் கேள்விக்குறிகளுமாக ஒரு குப்பை. காரணம் எளிது. பழைய குறியீடுகள் மேலைநாட்டு எழுத்துகளுக்குரிய எண்களையே தமிழுக்குக் கடன் வாங்கியிருந்தன. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கணினி அசல் உரிமையாளரைத்தான் காட்டும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. மாற்றுச் செயலி ஒன்றில் போட்டதும் பாட்டி பேசத் தொடங்கினார். உங்கள் பழைய வட்டுகளில் இப்படி ஏதேனும் கிடந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்து நாளிதழ்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்மயமாக்கி இணையத்தில் தந்திருப்பது நமக்குப் பெரிய கொடை. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு வரை அதில் இருக்கின்றன. ஜப்பானியர் நடத்திய சியோனான் நாளிதழ்கூட உண்டு. போர் முடிந்த பின் வந்த இதழ்களில், சயாமிலிருந்து தொழிலாளர் திரும்புவது பற்றிய சிறு செய்திகளைத் தேடிப் படித்தேன். ரயிலில் ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் அம்மாவும் தானும் ஸ்டேஷனுக்கு நடந்து போனதாகப் பாட்டி சொல்லியிருந்தார். அந்த நடை எந்த மாதங்களில் நடந்திருக்கும் என்பது இப்போது எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் செய்திகளில் எண்ணிக்கைதான் இருந்தது. பெயர் இல்லை.

பெயரைத் தேடுவது தனிக்கலை. அண்ணனின் உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. கருப்பன் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ஒரே எழுத்துக்கூட்டுதான். ஆங்கிலத்தில்? கே-யில் தொடங்கலாம், சி-யில் தொடங்கலாம். பி ஒன்றா இரண்டா. கடைசியில் ஏ-யா, இ-யா. எல்லாம் அன்றைய கிராணியின் காதையும் பேனாவையும் பொறுத்தது. சுப்பிரமணியம் நம் நாட்டில் பி-க்கும் வருகிறார், பிரிட்டிஷ் பி-க்கும் வருகிறார். நம் எழுத்தில் ப ஒன்றுதான் என்பதன் விளைவு அது.

இதற்கு ஒரு கணினி வழி உண்டு என்று படித்தேன். சவுண்டெக்ஸ் என்பது அதன் பெயர். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் தருவது. ஆவலோடு முயன்றேன். கே-யில் தொடங்கும் கருப்பனுக்கு கே615, சி-யில் தொடங்கும் கருப்பனுக்கு சி615. முதல் எழுத்தை மறந்தால் இருவரும் ஒருவரே. நல்லது! ஆனால் லட்சுமியைப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் கே, எஸ், எச் சேர்த்து எழுதும் லட்சுமிக்கு எல்250. நம் நாட்டுப் பிறப்புப் பத்திரங்களில் டி, சி, எச் போட்டு எழுதும் லெட்சுமிக்கு எல்325. இயந்திரத்தின் கண்ணில் இவர்கள் இரண்டு பெண்கள். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த சல்லடை அது. ஆகவே சி-யும் கே-யும் ஒன்று, பி-யும் பிரிட்டிஷ் பி-யும் ஒன்று என்று நானே ஓர் அட்டவணை போட்டு, ஒரு பெயருக்குப் பதினான்கு எழுத்துக்கூட்டுகள் தயார் செய்தேன்.

பதினான்கையும் கொண்டு எங்கே தேடுவது? காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் பெயரைத் தட்டினால், படைப்பிரிவு, எண், இறந்த நாள், கல்லறையின் வரிசை வரை வருகிறது. 2012இல் காஞ்சனபுரி சென்றேன். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அந்தக் கல்லறைத் தோட்டம். சுமார் 7,000 கற்கள், வெட்டிச் சீராக்கிய புல், ஏறத்தாழ எல்லாக் கற்களிலும் பெயர். அவர்களுக்கும் அது கொடுமைதான், பொறாமைப்படக் கூடாது. ஆனாலும் பட்டேன். கைதிகள் ராணுவத்தினர். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் வைக்க அதிகாரிகள் இருந்தனர். ஜப்பானியருக்குத் தெரியாமல் குறிப்பெழுதிய மருத்துவர்கள் இருந்தனர். இறந்தவனை எண்ணி எழுத ஓர் அமைப்பு கூடவே போனது. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. லாரி ஏறும்வரைதான் அவர்களுக்குக் கணக்கு. மதிப்பீடுகள் ஒத்துப்போகாததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுல அண்ணன் பேரு இருக்கா?"

"இல்ல பாட்டி."

"நீ படிச்ச புத்தகத்துல?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

2014ஆம் ஆண்டு பாட்டி இறந்தார். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு முதல் நாள், பாட்டிக்கு இலை போட்ட பிறகு அப்பா இன்னோர் இலையைக் கையில் எடுத்தார். "மாமாவுக்கும் போட்டுடலாமா?" என்று அத்தையைக் கேட்டார். அவருக்கு இப்போது தொண்ணூறு வயது இருக்கும், இனியும் காத்திருக்க முடியுமா என்றார். அத்தை என்னைப் பார்த்தார். இத்தனை ஆண்டு தேடியவள் நான்தான் என்பதால் என்னிடம் ஏதோ பதில் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்போலும். என்னிடம் பதினான்கு எழுத்துக்கூட்டுகள் இருந்தன.

"அம்மா போடலியேண்ணே," என்றார் அத்தை.

அப்பா இலையை அடுக்கில் திரும்ப வைத்தார். நான் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து உதறினேன். தோள்பட்டையில் துணி நைந்திருக்கிறது; இப்போதெல்லாம் மெதுவாகத்தான் உதற வேண்டியிருக்கிறது.