மனநோயாளரின் நெஞ்சுவலி

கடும் மனநோயுடன் வாழ்வோர் பிறரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையே இதற்குக் காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இம்மரணங்களுள் பெரும்பாலானவை உடல்நோய்களால் நிகழ்பவை. அவற்றுள் இதயநோய் முதன்மையானது.

இத்தொடர்புக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். நீடித்த மனநெருக்கடியில் கார்ட்டிசால், அட்ரினலின் சுரப்பு மிகுந்து, இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தக்குழாய்களில் அழற்சி வளர்கிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பின் ஒன்பது முக்கியக் காரணிகளுள் உளசமூக நெருக்கடியையும் சேர்த்தது. இரண்டாவதாக, மனநோய்க்கான சில மருந்துகள் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டுகின்றன. அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. தொடர் பரிசோதனையே தேவை. மூன்றாவது, புறக்கணிப்பு. மனநோயாளர் நெஞ்சு வலிக்கிறது என்றால், அதையும் மனநோயின் அறிகுறியாகவே கருதி அனுப்பிவிடும் போக்கு உயிரைப் பறிக்கிறது.

சாதி இழிவை அன்றாடம் எதிர்கொள்பவருக்கு நெருக்கடி சமூகத்தால் சுமத்தப்படுகிறது. 'மனதைத் திடப்படுத்திக்கொள்' என்னும் அறிவுரை அச்சுமையை இறக்காது. மருத்துவமனையிலும் அதே இழிவு தொடர்ந்தால், அவர் சிகிச்சையையே தவிர்க்கிறார்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 18ஆம் பிரிவில் சாதிப் பாகுபாடற்ற மனநலச் சேவையையும், 21ஆம் பிரிவில் உடல்நோயாளருக்கு இணையாக நடத்தப்படுவதையும் உரிமையாக்கியுள்ளது. ஆகவே, மனநலப் பிரிவில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதிக்கவும், இதயநோய்ப் பிரிவில் நோயாளியின் மனநிலையைக் கேட்டறியவும் நாம் கோர வேண்டும். அக்கோரிக்கைக்குச் சட்டமே துணைநிற்கிறது.