புதுச் சிப்புக்கு லேப்டாப் கொடுக்கும் இரவல்

புதிதாக வடிவமைத்த சிப்பைப் போர்டில் பொருத்தி முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, அது வேலை செய்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. திரை கிடையாது. மெமரி கார்டைப் படிக்கும் டிரைவர் இன்னும் தயாராகியிருக்காது. எழுத்துகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் யூஆர்ட் இருக்கிறது. ஆனால் அது பேச வேண்டுமானால் கடிகாரத் துடிப்பும் பின் ஒதுக்கீடும் சரியாக அமைந்திருக்க வேண்டும். அவற்றை அமைக்க வேண்டியது பூட்லோடர். அந்தப் பூட்லோடரே பாதி வழியில் நின்றுவிட்டால், எங்கே நின்றது என்று சொல்லவும் யூஆர்ட் வேண்டும். பெங்களூரில் சிப் நிறுவனங்களின் ஆய்வகங்களில் ‘பிரிங்-அப்’ வேலை பார்ப்பவர்கள் இந்த முடிச்சோடு மல்லுக்கட்டியே பல இரவுகளைக் கழிக்கிறார்கள்.

முடிச்சை அவிழ்க்க ஒரு பழைய உத்தி உண்டு: செமிஹோஸ்டிங். போர்டையும் பொறியாளரின் லேப்டாப்பையும் ஏற்கெனவே டிபக்கர் என்ற பிழைதேடும் கருவி ஒரு ஜேடேக் கம்பியால் இணைத்திருக்கிறது. அந்தக் கம்பி வழியாகவே, போர்டில் ஓடும் மென்பொருள் லேப்டாப்பின் கோப்புகளைத் திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம். லேப்டாப் திரையில் செய்தி காட்டலாம். விசைப்பலகையில் தட்டுவதை வாங்கிக்கொள்ளலாம். ஆர்ம் நிறுவனம் தன் பிராசஸர்களுக்காக வகுத்த ஏற்பாடு இது. ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர்களும் பெருமளவு அதே எண்களையும் விதிகளையும் எடுத்துக்கொண்டன.

இது நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ரிஸ்க்-ஃபைவில் மூன்று ஆணைகள் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் இருப்பது ‘இபிரேக்’. பிராசஸரை நிறுத்தி டிபக்கரை அழைக்கும் ஆணை. அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை, எப்போதும் பூஜ்ஜியமாகவே இருக்கும் ரெஜிஸ்டரை நகர்த்தச் சொல்லும் ஆணைகள். முதலாவது இடப்பக்கம் 31 இடம், கடைசி வலப்பக்கம் 7 இடம். பூஜ்ஜியத்தை எத்தனை இடம் நகர்த்தினாலும் பூஜ்ஜியம்தான். எந்த நிஜ நிரலும் இப்படி எழுதாது என்பதால்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிராசஸர் நின்றதும் டிபக்கர் அக்கம்பக்கத்து ஆணைகளைப் படிக்கிறது. இந்த இரண்டும் இருந்தால், ‘இது சாதாரண பிரேக்பாயின்ட் அல்ல, என்னிடம் ஏதோ கேட்கிறார்கள்’ என்று புரிந்துகொள்கிறது.

கேட்பது என்ன என்பது ஒரு ரெஜிஸ்டரில் எண்ணாக இருக்கும். 1 என்றால் கோப்பைத் திற. 5 என்றால் எழுது. 6 என்றால் படி. இன்னொரு ரெஜிஸ்டரில், மேல்விவரங்கள் வைத்திருக்கும் நினைவக முகவரி. டிபக்கர் அந்த இடத்தைப் படித்து, லேப்டாப்பில் வேலையை முடித்து, விடையை முதல் ரெஜிஸ்டரிலேயே வைத்துவிட்டு, பிராசஸரை மறுபடி ஓடவிடுகிறது. படிக்கும் அழைப்பில் புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. அது திருப்பித் தருவது படித்த பைட்டுகளின் எண்ணிக்கையை அல்ல, படிக்காமல் விட்டதன் எண்ணிக்கையை. விடை 0 என்றால் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

பூட்லோடர்காரர்களுக்கு இது பெரிய வரம். யு-பூட் என்ற பிரபலமான திறமூல பூட்லோடரில் செமிஹோஸ்டிங்கை இயக்கினால், லினக்ஸ் கெர்னலை லேப்டாப்பின் கோப்புறையிலிருந்தே நேராக ஏற்றிவிடலாம். கெர்னலில் ஒரு வரி மாற்றினால்கூட மெமரி கார்டைக் கழற்றி, எழுதி, திரும்பச் செருக வேண்டிய தொல்லை இல்லை. 2022-இல் வென்டானா மைக்ரோ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் யு-பூட்டிலும், அதற்கு முன்பே ஓடும் ஓப்பன்எஸ்பிஐ மென்பொருளிலும், ரிஸ்க்-ஃபைவுக்கான செமிஹோஸ்டிங் ஆதரவைச் சேர்த்தார்கள். கலிஃபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் பொறியியல் பிரிவு இருந்தது. அதே 2022 ஏப்ரலில்தான் மத்திய அரசு டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-ஃபைவ் திட்டத்தை அறிவித்தது. சென்னை ஐஐடியின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா போன்ற உள்நாட்டுப் பிராசஸர்கள் வளர, இத்தகைய சிறு சிறு பொதுக்கருவிகள் பெரிய அறிவிப்புகளுக்கு எந்த விதத்திலும் குறையாத அளவுக்குத் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

1985-இல் பெங்களூரில் ஆய்வு மையம் திறந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கருவிகளிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. அதன் கோட் கம்போசர் ஸ்டூடியோவில் செய்தி அச்சிடும் ‘பிரின்ட்எஃப்’ ஓடும்போது பிராசஸர் ஒரு குறிப்பிட்ட முகவரியில் நிற்கிறது. டிபக்கர் பஃபரில் உள்ள செய்தியை எடுத்துத் திரையில் போடுகிறது. பெயர் வேறு, உத்தி ஒன்றே.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு அழைப்பிலும் பிராசஸர் முழுதாக நிற்கிறது. ஓர் எழுத்துக்கு ஓர் அழைப்பு என்று எழுதினால், ஒரு வரி திரையில் வருவதற்குள் பொறுமை போய்விடும். எழுத்துகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்புவதுதான் வழி. நேரக் கணக்கு பிசகக்கூடாத மோட்டார் கட்டுப்பாடு போன்ற வேலைகளில் இதைப் பயன்படுத்தவே கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, இந்த அழைப்புகளை நிரலிலிருந்து எடுக்க மறப்பது. வீடு கட்டும்போது வாங்கிய தற்காலிக மின் இணைப்பை நம்பியே குடிபோகிற மாதிரிதான் அது. செமிஹோஸ்டிங் அழைப்போடு பொருள் சந்தைக்குப் போனால், டிபக்கர் இல்லாத வாடிக்கையாளர் வீட்டில் பிராசஸர் அந்த ஆணையில் அப்படியே முடங்கும். ஆய்வகத்தில் எப்போதும் கம்பி செருகியே இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதற்காகவே யு-பூட்டில் ஒரு தற்காப்பு அமைப்பு இருக்கிறது: முதல் அழைப்புக்குப் பதில் வராமல் விதிவிலக்கு எழுந்தால், அதைப் பிடித்து, செமிஹோஸ்டிங் இல்லை என்று குறித்துக்கொண்டு மேலே நகரும்.

மற்றொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. கதவு திறப்பது போர்டின் பக்கம் அல்ல, உங்கள் லேப்டாப்பின் பக்கம். ஆர்ம் வகுத்த பட்டியலில் 14-ஆம் எண் கோப்பை அழிக்கும்; 18-ஆம் எண் லேப்டாப்பில் ஒரு கட்டளையையே இயக்கச் சொல்லும். கியூஇஎம்யூ எமுலேட்டரின் ஆவணமே, நம்பகமான மென்பொருளுக்கு மட்டும் இந்த வசதியைத் திறந்துவிடுங்கள் என்று எச்சரிக்கிறது. யாரோ அனுப்பிய பூட் இமேஜைச் சோதிக்கும்போது இதை மூடியே வையுங்கள். திறந்தாக வேண்டுமென்றால் தனி மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள்.

அந்த எச்சரிக்கையோடு மாணவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் போர்டு வாங்கக் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கியூஇஎம்யூவும் யு-பூட்டும் இலவசம். ஓசூரிலோ விருதுநகரிலோ ஒரு சாதாரண லேப்டாப்பில் இரண்டையும் நிறுவி, செமிஹோஸ்டிங்கை இயக்கி, ஒரு கோப்பை ஏற்றிப் பாருங்கள். பிறகு அந்த மூன்று ஆணைகளைத் தேடிப் பிடித்து, கடைசி ஆணையில் 7-ஐ 8 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். எமுலேட்டர் அதை அழைப்பாக ஏற்காது. ஏன் என்று அப்போது கையோடு விளங்கும்.