காய்ச்சலைத் தடுக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும்

நடவும் களையெடுப்பும் நடக்கும் மழைக்காலமே மலேரியாவுக்கும் ஏற்ற காலம். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் கூலி போவதோடு கழனி வேலையும் தடைப்படும். சிறு விவசாயிக்கு இது இரட்டை நஷ்டம்.

மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897-ம் ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். வயல்வெளியில் காணும் எல்லாக் கொசுக்களும் இந்நோயைப் பரப்புவதில்லை. அனாபிலிஸ் இனத்தின் பெண் கொசுவே பரப்புகிறது. இது அந்திப் பொழுது முதல் விடியும் வரை கடிக்கும். தேங்கிய நீரில் முட்டையிடும். நமது வெப்ப நிலையில் முட்டை கொசுவாக மாற சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். அதற்குள் நீரை வற்றச் செய்தால் புழுக்கள் மடிந்துவிடும்.

நெல் வயலில்

நெல்லுக்கு எந்நேரமும் நீர் கட்டி நிற்க வேண்டியதில்லை. நடவு செய்த 2 வாரங்களுக்குப் பின் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடலாம். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடியும் 5 செ.மீ. உயரத்திற்குப் பாய்ச்சினால் போதும். மகசூல் குறையாது, நீரும் மிச்சப்படும். பூக்கும் தருணத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை மட்டும் வயல் காயக் கூடாது. மேடு பள்ளமின்றிச் சமப்படுத்திய வயலில்தான் நீர் ஒருசேர வற்றும். ஒரே வாய்க்காலில் பாசனம் பெறுவோர் கூடிப் பேசி ஒரே சமயத்தில் செய்தால் பலன் அதிகம்.

குழிகளும் கிணறுகளும்

ராமேஸ்வரம் தீவில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்றத் தோண்டிய குழிகளில் மலேரியாக் கொசு பெருகியதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இத்தகைய குழிகளை வேலை முடிந்ததும் மண்ணால் மூடிவிட வேண்டும். பாசனக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் கொசுப் புழுக்களைத் தின்னும் கப்பி அல்லது கம்பூசியா மீன்களை விடலாம். ஏரி, குளங்களில் இவற்றை விடலாகாது. நாட்டு மீன்களுக்குக் கேடாகும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மலேரியா கொடியது. கர்ப்பிணிக்கு ரத்தசோகையும் கருச்சிதைவும் ஏற்படலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். இரவில் காவலுக்குப் படுப்போரும், வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்புவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மருந்திட்ட கொசுவலை போதிய அளவு இல்லாத வீட்டில் கர்ப்பிணிக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம் தருவது நலம்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒரு வகை மலேரியாக் கிருமி ஈரலில் பதுங்கியிருந்து பல வாரம் கழித்தும் காய்ச்சலை உண்டாக்கும். ஆகவே காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தாமல், சொன்ன நாள் வரை உட்கொள்ள வேண்டும். ஈரலில் உள்ள கிருமியை ஒழிக்கும் மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எனவே பிறருக்குக் கொடுத்ததை அவர்களுக்குக் கொடுக்காமல், மருத்துவரைக் கேட்டே நடந்துகொள்ள வேண்டும்.