ஐ.என்.எஃப்.பி-க்கு சேல்ஸ் வேலை செட் ஆகுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைக்கு ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அனுப்பியவர் கோயம்புத்தூரில் டிகிரி கடைசி வருஷம் படிக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வி இது:

"அக்கா, ஆன்லைன்ல பர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தேன். ஐ.என்.எஃப்.பி-ன்னு வந்துச்சு. படிக்கப் படிக்க அப்படியே நான்தான். இப்ப கேம்பஸ்ல ஒரு சேல்ஸ் வேலை கிடைச்சிருக்கு. ஆனா என் டைப்புக்கு சேல்ஸ் செட் ஆகாதுன்னு நிறைய இடத்துல போட்டிருக்காங்க. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

ஒரு வேலை, முதல் சம்பளம், வீட்டில் சொல்ல வேண்டிய பதில், எல்லாம் நாலு எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவே இல்லை என்று பார்த்துவிட்டு அவரிடம் திரும்பி வருவோம்.

அம்மாவும் மகளும் உருவாக்கியது

1921-இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் மனிதர்களின் உளவியல் வகைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் என்று நாம் சாதாரணமாகப் பேசுவதற்குக் காரணம் அந்தப் புத்தகம்தான். அதை அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்பவர் படித்தார். அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ், இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-களில், யுங்கின் யோசனைகளை ஒரு கேள்வித்தாளாக மாற்ற ஆரம்பித்தார். போர்க்காலத்தில் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குத் தங்களுக்கு ஒத்துவரும் வேலை எது என்று தெரிய வேண்டும், அதற்கு இது உதவும் என்பது அவர் எண்ணம். இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. இசபெல் அதற்கு முன்பு துப்பறியும் நாவல் எழுதியவர். அந்தக் கேள்வித்தாள்தான் எம்.பி.டி.ஐ., அதாவது மையர்ஸ்-பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர்.

நாலு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்கள். தெம்பு எங்கிருந்து கிடைக்கிறது, கூட்டத்திலா தனிமையிலா? எதைக் கவனிக்கிறீர்கள், கண்ணெதிரே இருக்கும் விவரத்தையா அதற்குப் பின்னால் உள்ள அர்த்தத்தையா? எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள், தர்க்கத்தையா சம்பந்தப்பட்ட மனிதர்களையா? திட்டம் போட்டு வாழ்கிறீர்களா, போகிற போக்கில் பார்த்துக்கொள்கிறீர்களா? இரண்டை நாலு தடவை பெருக்கினால் 16 டைப்.

"அப்படியே நான்தான்" என்று ஏன் தோன்றுகிறது?

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவருக்கும் "இது உங்களுடைய ரிசல்ட்" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

நானே இப்ப ஒரு வரி சொல்றேன், பாருங்க: "வெளியே கலகலப்பாக இருந்தாலும், உங்களை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவுதான்." இதைக் கேட்டு, "ச்சே, நான் அப்படி இல்ல"ன்னு எத்தனை பேர் சொல்வீங்க?

அப்படியென்றால் இதுவும் ராசிபலன் மாதிரிதானா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ராசி நீங்கள் பிறந்த நேரத்தை வைத்து வருகிறது. டெஸ்ட் ரிசல்ட் நீங்கள் சொன்ன பதில்களை வைத்து வருகிறது. "பார்ட்டிக்குப் போனா சீக்கிரம் டயர்டாயிடுவேன்" என்று பத்துக் கேள்விகளில் பத்து விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது கூட்டிப் பார்த்து, "நீங்கள் இன்ட்ரோவர்ட்" என்று திருப்பிச் சொல்கிறது. உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாத எதையும் அது தோண்டி எடுக்கவில்லை. நீங்கள் சொன்னதை அழகாக அடுக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

34-க்கும் 35-க்கும் நடுவில்

அடுத்த சிக்கல் அந்தக் கோடு. ஸ்கூலில் 35 எடுத்தால் பாஸ். 34 எடுத்தவர் ஃபெயில். இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மார்க். ஆனால் 35 எடுத்தவரும் 98 எடுத்தவரும் "பாஸ்" என்ற ஒரே பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். டைப் டெஸ்ட்டும் இதைத்தான் செய்கிறது. மனிதர்களில் பெரும்பாலானோர் இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். முழு இன்ட்ரோவர்ட், முழு எக்ஸ்ட்ரோவர்ட் என்று யாரும் இல்லை என்பதே யுங்கின் கருத்தும். ஆனால் டெஸ்ட் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுகிறது.

கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் வேறொரு நாளில், வேறொரு மூடில் எழுதினால் எழுத்து மாறிவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு எழுத்தும் மாறாமல் இருக்க 100-க்கு 85 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு எழுத்தும் சேர்ந்து மாறாமல் இருக்க வாய்ப்பு வெறும் 52. கிட்டத்தட்ட டாஸ் போடுவது மாதிரி!

அதனால்தான் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது 'பிக் ஃபைவ்' என்ற முறை. அதில் பெட்டிகள் இல்லை, ஐந்து அளவுகோல்கள் இருக்கின்றன: புதியதை ஏற்கும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், வெளியே பழகும் இயல்பு, இணங்கிப்போகும் குணம், மனக்கலக்கம். 1989-இல் மெக்ரேயும் காஸ்டாவும் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். எம்.பி.டி.ஐ-யின் நாலு ஜோடிகளும் இந்த ஐந்தில் நாலோடு ஓரளவு பொருந்தின. அதனால் டெஸ்ட் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஐந்தாவது அங்கே இல்லை. கவலை, பதற்றம், பயம் எவ்வளவு சுலபமாக வரும் என்பதைச் சொல்ல அந்த நாலில் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

பலரும் இலவசமாக எடுக்கும் 16 பர்சனாலிட்டீஸ் டெஸ்ட், அதிகாரபூர்வ எம்.பி.டி.ஐ. கிடையாது. அது கடைசியில் ஒரு கோடு போட்டு ஏ அல்லது டி என்று சேர்ப்பது கிட்டத்தட்ட இந்த இடைவெளியை நிரப்பத்தான். ஆனால் நாம் ஞாபகம் வைத்துக்கொள்வது முதல் நாலு எழுத்தைத்தானே?

நான் ஒளிந்துகொண்ட இடம்

இது எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். என் முதல் வேலையில் டீமில் எல்லோரும் இந்த டெஸ்ட் எடுத்தோம். எனக்கு 'ஐ' வந்தது. பெரிய நிம்மதி. சின்ன வயசிலிருந்து "ஏன் யார்கூடவும் பேச மாட்டேங்கிற?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தது. என்னில் குறை ஒன்றும் இல்லை, நான் இப்படி ஒரு டைப், அவ்வளவுதான். அந்த நிம்மதி பொய் இல்லை. மதியம் தனியாகச் சாப்பிடப் போனால்கூட டீமில் யாரும் தப்பா எடுத்துக்கல. டெஸ்ட் உண்மையிலேயே உதவியது அங்கேதான்.

அப்புறம் கிளையன்ட்டுக்கு டெமோ காட்ட வேண்டி வந்தது. "நான் இன்ட்ரோவர்ட், வேற யாராவது பண்ணட்டும்" என்றேன். அடுத்த தடவையும் அதேதான். என் கோடை வைத்து டெமோ காட்டியது பக்கத்து சீட் தோழி. வருஷக் கடைசி அப்ரைசலில், "நீ என்ன செய்யறேன்னு வெளியில யாருக்கும் தெரியலையே" என்று சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது. தோழியிடம் புலம்பினேன். அவள் சொன்னாள்: "நானும் 'ஐ' தான்டி. டெமோவுக்கு முன்னாடி மாடிப்படியில நின்னு மூணு தடவை பேசிப் பார்ப்பேன். முடிச்சதும் அரை மணி நேரம் யார்கிட்டயும் பேச மாட்டேன்."

அதே மாசம் அக்கா கல்யாணம். இரண்டு நாளும் பந்தி விசாரித்தது நான்தான். தெரியாத சொந்தக்காரர்களிடமெல்லாம் நின்று, "பாயசம் வந்துச்சா, இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொல்லட்டுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தி பையன் சிரித்தான்: "நீயா இன்ட்ரோவர்ட்?"

அப்போதுதான் உறைத்தது. மக்களிடம் பேசுவது எனக்குப் பிரச்சினை இல்லை. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் பிரச்சினை. பயத்துக்கு அந்த டெஸ்ட்டில் எழுத்து இல்லாததால், அதை 'ஐ'-க்குள் ஒளித்து வைத்திருந்தேன். இன்ட்ரோவர்ட்டாக இருந்தால் பேசி முடித்தபின் ஓய்வு வேண்டும். பயம் இருந்தால் பழகப் பழகக் குறையும். இரண்டுக்கும் மருந்து வேறு.

இதை எப்படித்தான் பயன்படுத்துவது?

மூணு விஷயம் சொல்றேன்.

ஒன்று, ரிசல்ட்டில் பிடித்த வரியை எடுத்து, கடந்த ஒரு மாசத்தில் அதற்கு மாறாக எப்போது நடந்துகொண்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எங்கே, யாரோடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்களைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவந்தால் அந்தப் பட்டியலில்தான் தெரியவரும்.

இரண்டு, நெருங்கிய நண்பர் ஒருவரைக் கேளுங்கள். சிமின் வஸீர் என்ற உளவியலாளர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம் மாதிரி உள்ளே நடப்பதை நாமே நன்றாகக் கணிக்கிறோம். புத்திசாலித்தனம், படைப்பாற்றல் மாதிரி விஷயங்களில் நண்பர்களின் கணிப்புதான் சரியாக வருகிறது.

மூன்று, டைப்பை வைத்து ஒரு கதவைச் சாத்தாதீர்கள். வேலைக்கு ஆள் எடுக்க எம்.பி.டி.ஐ-யைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. கம்பெனி உங்களை வடிகட்ட உதவாத ஒன்றை வைத்து, நீங்களே உங்களை ஏன் வடிகட்டணும்?

இப்போது கோயம்புத்தூர் நண்பருக்கு. 2013-இல் ஆடம் கிராண்ட் 340 கால் சென்டர் விற்பனையாளர்களை ஆராய்ந்தார். அதிகம் விற்றவர்கள் பெரிய எக்ஸ்ட்ரோவர்ட்டுகள் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள். ஒரே ஒரு ஆய்வு, ஒரே வகை சேல்ஸ்தான். அதனால் உங்களுக்கு நன்றாக வரும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் "இந்த டைப்புக்கு செட் ஆகாது" என்பது ஆஃபரை விடுவதற்குப் போதுமான காரணம் இல்லை.

உங்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்த வேலையை நினைத்தால் சலிப்பு வருகிறதா, பயம் வருகிறதா? டார்கெட், அலைச்சல், தினமும் விலை பேசுவது, இதெல்லாம் பிடிக்கவே இல்லை என்றால், வேணாம் என்பது நல்ல முடிவுதான். அதற்கு நாலு எழுத்து சாட்சி சொல்ல வேண்டாம். பயம் மட்டும்தான் என்றால், அதே கம்பெனியில் சேல்ஸில் இருக்கும் ஒருவரிடம், ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரி ஃபெஸ்ட்டில் ஸ்டால் போட்டு நாலு பேரிடம் பேசி விற்றுப் பாருங்கள்.

என்ன முடிவெடுத்தாலும் ஆறு மாசம் கழித்து இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. காத்திருப்பேன். அடுத்த வாரம் சந்திக்கலாம்.