பிரவுசரைப் புதுப்பிப்பதா, விடுவதா?



பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் நாம் கேட்கிற வாக்குவாதங்கள் பல வகை. கிலோவைக் குறைத்துப் போட்டது, அரைப்பேர் போட்டது, பீலியில் தண்ணீர் நின்றது என்று அவை நீளும். இப்போது அவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பூனாகலைப் பக்கம் ஒரு லயத்து வீட்டில், பரீட்சைப் பெறுபேறு பார்க்க மகள் போனைத் திறந்தாள். பக்கம் வரவில்லை. "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று ஓர் எச்சரிக்கைதான் வந்தது.

"அப்பா, பிரவுசர் பழசாப் போச்சு. அப்டேட் பண்ணணும்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே வேல செஞ்சுச்சு? போன தடவ எதையோ அமத்திப்புட்டு, ரீலோட் போட்ட காசெல்லாம் ஒரே ராத்திரியில போச்சு. போனும் ரெண்டு நாளா சூடாகிக் கெடந்துச்சு. மறந்துட்டியா?"

"அதுக்காக அப்படியே வெச்சிருக்கிறதா?"

அப்பாயிதான் முடித்து வைத்தார். "ரெண்டு பேரும் கத்தாம அடுத்த வீட்டுப் போன்ல பாருங்க!"

பெறுபேற்றை அடுத்த வீட்டில் பார்த்தாயிற்று. சண்டை மட்டும் தீரவில்லை. யார் பக்கம் நியாயம் என்று எங்களிடம் கேட்டார்கள். மகள் சொன்னது சரி. ஆனால் அப்பா சொன்னதிலும் பொய் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பிரவுசர் என்றால் என்ன? இணையத்தளம் என்பது எங்கோ ஒரு கணனியில் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அந்தக் குறிப்பை வாங்கி வந்து, நம் கண்ணுக்கு எழுத்தாகவும் படமாகவும் காட்டுகிற வேலையைச் செய்வதுதான் பிரவுசர். தமிழில் உலாவி என்பார்கள். குரோம், பயர்பொக்ஸ், சபாரி, ஒபேரா எல்லாம் இந்தச் சாதிதான். முதலாவது பிரவுசரை 1990ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ என்பவர் எழுதினார். அதன்பின் பிரவுசர்கள் பெருகின. ஒவ்வொன்றிலும் புதுப்புதுப் பதிப்புகள் வந்தன. பதிப்பு வந்த நாளிலிருந்தே "மாற்று, மாற்றாதே" என்ற சண்டையும் வந்துவிட்டது.

அதில் உலகமே சேர்ந்து போட்ட பெரிய சண்டை, மைக்ரோசொப்ட் கம்பனியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 பற்றியது. 2001ஆம் ஆண்டு வெளியான அந்தப் பிரவுசர் விண்டோஸ் எக்ஸ்பீயோடு சேர்ந்தே வந்ததால், கணனி வாங்கிய எல்லார் வீட்டிலும் அதுவே இருந்தது. போட்டிக்கு ஆள் இல்லை என்றானதும், அடுத்த பதிப்பான ஏழு வருவதற்கு 2006 ஒக்டோபர் வரை, ஐந்து வருடம் பிடித்தது. அதற்குள் உலகத்துக் காரியாலயங்கள் தம் கணக்கு வழக்கு மென்பொருட்களை எல்லாம் அந்த ஆறாம் பதிப்புக்கு ஏற்றமாதிரியே செய்து வைத்துவிட்டன. இனி பதிப்பை மாற்றினால் அந்த மென்பொருட்கள் ஓடாது!

இணையத்தளம் செய்கிறவர்களோ தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆறாம் பதிப்பு பொது விதிமுறைகளைச் சரியாகப் பின்பற்றாததால், ஒரே பக்கத்தை மற்றப் பிரவுசர்களுக்கு ஒருமுறையும் இதற்கு ஒருமுறையுமாக இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. 2009இல் யூடியூப், "உங்கள் பிரவுசருக்கு இனி ஆதரவு இல்லை" என்று அறிவிப்புப் போடத் தொடங்கியது. 2010 ஜனவரியில் கூகுள் முதலிய கம்பனிகளுக்குள் திருடர்கள் புகுந்த செய்தி வெளியானது. அவர்கள் நுழைந்த ஓட்டைகளில் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்தது. ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் பாதுகாப்பு அதிகாரிகள், "திருத்தம் வரும்வரை வேறு பிரவுசரைப் பாவியுங்கள்" என்று மக்களுக்குச் சொன்னார்கள். அதே ஆண்டில், ஆறாம் பதிப்பைக் கைவிடும்படி பிரித்தானிய அரசுக்கு மக்கள் மனுக் கொடுத்தபோது, மாற்றினால் எல்லா மென்பொருளையும் மறுபடி சோதிக்க வேண்டும், செலவு அதிகம் என்று அரசு மறுத்துவிட்டது. அங்கே பெரிய அரசாங்கமே சொன்ன பதில், நம் லயத்து அப்பா சொன்ன பதில்தான். கடைசியில் 2011 மார்ச்சில், பெற்ற தாயே பிள்ளையைத் தள்ளி வைத்தாற்போல, ஆறாம் பதிப்பை விட்டுவிடுங்கள் என்று மைக்ரோசொப்டே பிரசாரம் தொடங்கியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முழுவதுமே 2022 ஜூன் 15ஆம் திகதியோடு ஓய்வு பெற்றது.

நமக்கு இது புதிய கதை அல்ல. விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீ.பீ. தேயிலை நட்ட காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். புதுக் கன்று நல்ல விளைச்சல் தரும் என்பதில் பொய் இல்லை. ஆனால் பழையதைப் பிடுங்கி, குவாத்தமாலாப் புல் வளர்த்து, மண்ணை ஆறவிட்டு, கன்று நட்டு, அது கொழுந்து தருகிற வரைக்கும் அந்த மலையில் கொழுந்தெடுக்க முடியாதே! நடுவில் உள்ள அந்தக் காலத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் சண்டைக்கே காரணம். பிரவுசர் விசயத்திலும் அதுவே.

தமிழ் எழுத்துக்காக நடந்த சண்டையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். தொடக்க காலத்தில் இணையத்தில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு இருந்தது. இலங்கையில் பாமினி எழுத்துரு பெரும் புழக்கத்தில் இருந்தது. பத்திரிகைக்குரிய எழுத்துருவைக் கணனியில் போடாவிட்டால், தமிழ்ப் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் என்ற பொது முறை பரவியபின்தான் இந்தத் தொல்லை குறைந்தது. அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. பயர்பொக்ஸ் 2இல், பத்தியின் இரண்டு ஓரத்தையும் பத்திரிகைபோல் நேராக நிறுத்தினால், தமிழ் எழுத்து உடைந்துவிடும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். 2008 ஜூன் 17இல் வந்த பயர்பொக்ஸ் 3 இதைச் சரிசெய்தது. தமிழ் வாசிக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அப்படியானால் எல்லாரும் உடனே மாற வேண்டியதுதானே? முடியவில்லை. பயர்பொக்ஸ் 3, விண்டோஸ் 98 உள்ள கணனியில் ஓடாது. பழைய கணனி வைத்திருந்தவருக்கு "பிரவுசரை மாற்று" என்று சொன்னது உண்மையில் "கணனியை மாற்று" என்று சொன்னதாகும். பிரவுசர் இலவசம், சரி. அதைத் தாங்குகிற கணனி இலவசமா?

போன் வந்த பிறகும் இதே கதைதான். 2011 ஒக்டோபரில் வெளியான அன்ட்ரொயிட் 4.0க்கு முந்திய பெரும்பாலான போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்போது நம் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது ஒபேரா மினி. முகவரி எழுதும் இடத்தில் ஒபேரா என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, கொன்பிக் என்று அடித்தால் ஓர் இரகசியப் பக்கம் திறக்கும். அதில் கடைசிப் பக்கமாக உள்ள ஒரு கேள்விக்கு "யெஸ்" கொடுத்துவிட்டால் தமிழ் தெரியும். எப்படி? கம்பனியின் பெரிய கணனியே தமிழ் எழுத்துக்களைப் படமாக மாற்றி அனுப்பிவிடும். டேட்டா கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனாலும் வாசிக்கலாம். பழைய போனைத் தூக்கி எறியாமலே வழி செய்த கெட்டித்தனம் அது என்றே நாம் சொல்வோம். (ஒரு எச்சரிக்கை: இப்படி நடுவில் ஒரு கணனி இருந்து சுருக்கி அனுப்பும் முறையில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது.)

இனி மகளின் பக்கத்துக்கு வருவோம். நேற்று வரை வேலை செய்த போன் இன்று "பாதுகாப்பானதல்ல" என்று சொல்வானேன்?

கிராம சேவகரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்குகிறோம். அதன்மேல் பிரதேச செயலாளரின் ஒப்பமும் வாங்குகிறோம். கடிதத்தைப் பார்க்கிறவருக்கு நம்மையும் தெரியாது, கிராம சேவகரையும் தெரியாது. மேலே உள்ள ஒப்பத்தை நம்பியே ஏற்றுக்கொள்கிறார். இணையத்தளங்களும் இப்படித்தான். "நான்தான் இந்த வங்கி, நான்தான் இந்தத் திணைக்களம்" என்று ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் ஒப்பம் வைத்தவர் நம்பத்தக்கவரா என்று பார்க்க, பிரவுசர் அல்லது போன் தன்னிடம் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறது. அந்த ஒப்பங்களுக்கும் முடிவுத் திகதி உண்டு. பழைய அதிகாரி ஓய்வு பெற்றுப் புதியவர் வந்துவிட்டார், ஆனால் நம் போனிடம் பழைய பட்டியலே இருக்கிறது என்றால், உண்மையான கடிதத்தையும் போலி என்றே அது நினைக்கும்.

2021 செப்டெம்பர் 30இல் இது பெரிய அளவில் நடந்தது. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற நிறுவனம் நம்பியிருந்த ஒரு பழைய மூல ஒப்பம் அன்று காலாவதியானது. அன்ட்ரொயிட் 7.1.1க்கு முந்திய போன்களுக்கு அந்த நிறுவனத்தின் புதிய ஒப்பம் தெரியாது. உலகின் அன்ட்ரொயிட் போன்களில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டவை என்று 2020இல் அவர்களே சொன்னார்கள். ஏழைகளின் கையில்தானே பழைய போன் இருக்கும்! பின்பு ஒரு மாற்று ஏற்பாடு செய்து, பழைய போன்களுக்கு 2024 வரை தவணை வாங்கிக் கொடுத்தார்கள். ஆக, "நேற்று வரைக்கும் வேல செஞ்சுச்சே" என்பது உண்மைதான். ஆனால் அது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

இதெல்லாம் பெறுபேறு பார்ப்பதோடு நிற்கிற காரியமும் அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் சரிந்ததையும் இந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை. மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தன் இணையத்தளத்திலும் வெளியிடுகிறது. மழை கொட்டுகிற இரவில்தான் பக்கம் திறக்காது என்று கண்டுபிடிப்பது நல்லதல்ல. (அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்குப் பிரவுசர் தேவையில்லை. அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.)

அப்பாவின் பயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது என்றோம். 2021 மார்ச் 22ஆம் திகதி, அன்ட்ரொயிட் போனுக்குள் பக்கங்களைக் காட்ட உதவும் வெப்வியூ என்ற பகுதிக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டினால், உலகம் முழுவதும் பலருடைய போன்களில் எப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. போன் பழுது என்று கடைக்கு ஓடினவர்களும் உண்டு. அதற்கு மருந்தாக வந்ததும் இன்னொரு அப்டேட்தான் என்பது வேடிக்கை. ஆகவே புதுப் பதிப்பு வந்த அன்றே பாய வேண்டாம், ஓரிரு நாள் பொறுத்துப் போடலாம் என்பவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஓரிரு வருடம் பொறுக்கிறவரோடுதான் எமக்குச் சண்டை.

இன்னொரு கசப்பான செய்தியும் உண்டு. சில போன்களில் மனசு வைத்தாலும் புதுப்பிக்க முடியாது. குரோமின் 120ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 டிசெம்பரிலிருந்து, அன்ட்ரொயிட் 7 உள்ள போன்கள் விடுபட்டன. 2025 ஓகஸ்டில் வந்த 139ஆம் பதிப்புக்கு அன்ட்ரொயிட் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். விண்டோஸ் 7 கணனிக்கு 109ஆம் பதிப்பே கடைசி. போன் கெடவில்லை, கண்ணாடி உடையவில்லை, பற்றரியும் நிற்கிறது, ஆனாலும் கம்பனி கைவிட்டுவிட்டது. இதை நியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். அரசாங்கத் தளங்களையும் பாடசாலைத் தளங்களையும் செய்கிறவர்கள், பழைய போனிலும் திறக்கிற சாதாரண பக்கமாக அவற்றைச் செய்து தரவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒரு பெறுபேற்றைக் காட்ட அலங்காரம் எதற்கு?

சரி, அந்த லயத்து வீட்டுப் போனை வாங்கிப் பார்த்தோம். செட்டிங்ஸ் உள்ளே, எபவுட் போன் என்ற இடத்தில், அன்ட்ரொயிட் 10 என்று இருந்தது. குரோமோ மூன்று வருடத்துக்கு முந்தியது. காரணம், பழைய வீடியோக்களால் போன் நிறைந்து, அப்டேட்டுக்கு இடமே இல்லை. திருவிழா வீடியோக்கள் சிலதை அழித்தோம் (அப்பாவுக்குத்தான் மனசே இல்லை). பிளே ஸ்டோரின் அமைப்பில், அப்டேட்டுகள் வைபை உள்ள இடத்தில் மட்டும் இறங்கும்படி மாற்றிவிட்டோம். ரீலோட் காசு ஒரே இரவில் போனதற்குக் காரணம், அந்த அமைப்பு எந்த வலையமைப்பிலும் இறங்கலாம் என்று இருந்ததே. பிறகு பண்டாரவளையில் உறவினர் வீட்டு வைபையில் குரோமை மட்டும் தனியாகப் புதுப்பித்தார்கள். எல்லா எப்களையும் ஒரேயடியாக அப்டேட் செய்யும் பொத்தானை அமத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

ஒன்றை மட்டும் எல்லா வீட்டிலும் சொல்லி வையுங்கள். படம் பார்க்கும் தளத்திலோ, வட்சப்பில் வந்த லிங்கிலோ, "உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அமத்துங்கள்" என்று வந்தால் அமத்தாதீர்கள். திருடர்கள் இந்த வேசத்திலும் வருகிறார்கள். உண்மையான அப்டேட் பிளே ஸ்டோருக்குள்தான் இருக்கும். அதைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தை அமத்தி, "மேனேஜ் எப்ஸ்" என்ற வரியில் பாருங்கள். அங்கே குரோமின் பெயர் இல்லையென்றால், உங்கள் போனுக்குரிய கடைசிப் பதிப்பு ஏற்கனவே உள்ளே இருக்கிறது என்று பொருள்.